முன்னிருப்பு எழுத்து: முத்துக்குளித்துறையிலிருந்து கணினித் திரை வரை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அருகே அமைந்துள்ள சாகுபுரம், உப்பளங்களை நம்பி எழுந்த ஓர் இரசாயன ஆலையைச் சுற்றி 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்த குடியிருப்பாகும். ஆலையை நடத்திய சாகு குடும்பத்தின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. ஊர் புதியதாயினும் அது நிற்கும் மண் மிகப் பழையது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை, கடல் பின்வாங்கியபின் அதன் இடத்தைப் பிடித்த பழையகாயல், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல், மரக்கலங்களால் அரபு நாடுகளோடு பிணைந்திருந்த காயல்பட்டினம் ஆகிய நான்கும் சாகுபுரத்திலிருந்து எளிதில் சென்று மீளும் தொலைவிலேயே உள்ளன. தமிழை எந்த வடிவில் எழுதுவது, அந்த வடிவைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி இந்தக் குறுகிய கடற்கரையில் பலமுறை எழுந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை பெற்றிருக்கிறது.

அதே கேள்வி இன்று கணினித் துறையில் முன்னிருப்பு எழுத்துரு என்ற பெயரில் உலவுகிறது. எழுத்துரு என்பது ஒரு மொழியின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே பாணியில் வரையப்பட்ட வடிவங்களின் தொகுப்பு. பேச்சுவழக்கில் ஃபான்ட் எனப்படுவது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் கணினியில் நிறுவப்படும்போதே, பயனர் எதையும் தேர்ந்தெடுக்காத நிலையில் எந்த எழுத்துருவைக் காட்டவேண்டும் என்று அவற்றை உருவாக்கியோர் முன்கூட்டியே குறித்து வைக்கின்றனர். அவ்வாறு குறித்து வைக்கப்பட்டதே முன்னிருப்பு. கணினியை வாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் அதை ஒருபோதும் மாற்றுவதில்லையாதலால், பெயரளவில் தற்காலிகமான இந்தத் தேர்வு நடைமுறையில் ஒரு மொழியின் பொது முகமாகவே நிலைத்துவிடுகிறது. வாசகர் தேர்ந்தெடுக்காத ஒன்றே வாசகரின் கண்ணைப் பழக்குகிறது என்பதுதான் இதன் முக்கியத்துவம். அச்சு வந்த நாளிலிருந்தும், அதற்கு முன்னிருந்தும், நிலைமை இதுவாகவே இருந்துவந்துள்ளது.

அச்சுக்கு முந்தைய சான்று ஒன்று திருச்செந்தூர்க் கோயிலிலேயே உள்ளது. 9-ஆம் நூற்றாண்டின் வரகுண பாண்டியன் அக்கோயிலுக்கு வழங்கிய கொடையைக் கூறும் நீண்ட கல்வெட்டு, தமிழ் மொழியில் அமைந்திருந்தும், இன்றைய தமிழெழுத்தை மட்டும் அறிந்த எவராலும் வாசிக்க இயலாத வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. வட்டெழுத்து என்பது வளைகோடுகள் மிகுந்த பழைய எழுத்து வகை. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் தமிழை எழுத அதுவே பொதுவாக வழங்கியது. சோழர் பாண்டிய நாட்டைக் கைப்பற்றியபின், முதலாம் இராசராசன் காலம் தொட்டுப் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் வட்டெழுத்து அருகி, வடக்கே வழங்கிய தமிழெழுத்து அதன் இடத்தில் அமர்ந்தது. பேசுவோரும் மொழியும் மாறாதிருக்க, ஆட்சி மாறியதால் எழுத்து மாறிய நிகழ்ச்சி இது. எழுத்தின் வடிவம் மக்களின் பழக்கத்தால் மட்டும் உருவாவதன்று. எழுதும் கருவியை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர் கொண்டுவருவதும் ஆகும் என்பதை இந்தக் கடற்கரை முதன்முதலாக அப்போதே கண்டது.

காயல்பட்டினத்தில் விடை வேறாக இருந்தது. அங்கும் கீழக்கரையிலும் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர், தமிழை அரபு எழுத்தில் எழுதும் மரபை வளர்த்தனர். அரபுத் தமிழ் அல்லது அர்வி எனப்படும் அம்மரபில், அரபு மொழியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருக்கும் அரபு எழுத்துகளுக்கே புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் உள்ளிட்டோரின் நூல்கள் இவ்வெழுத்தில் பரவின. இத்தகைய நூல்கள் பலவும் ஈய எழுத்தில் கோக்கப்படாமல், எழுதுவோர் கையெழுத்தை அப்படியே கல்லில் ஏற்றிப் படியெடுக்கும் கல்லச்சில் வெளிவந்தன. எழுத்து வார்க்கும் பட்டறையின் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஒரு சமூகம் தன் எழுத்தைத் தானே வைத்துக்கொள்ள அந்த முறை இடமளித்தது. கல்லச்சு மறைந்தபோது அர்வியின் பொது வழக்கும் பெரிதும் சுருங்கியது. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமைக்குக் கல்வி, அரசியல் ஆகியவற்றின் மாற்றங்களும் காரணமாகலாம். ஆனால் வார்த்த எழுத்து இல்லாத மொழி வடிவத்துக்கு அச்சு யுகத்தில் நிற்க இடம் குறைவு என்பதில் ஐயமில்லை.

புன்னைக்காயலின் கதையே இவற்றுள் விரிவாகச் சொல்லத்தக்கது. 1530-களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறை எனப்பட்ட இக்கடற்கரையின் பரதவர் பெருந்தொகையாகக் கத்தோலிக்கச் சமயத்தைத் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தபோது, சமயம் மாறியிருந்த மக்களுக்கு அச்சமயத்தின் மன்றாட்டுகளைச் சொல்லித்தர அவர்களின் மொழியில் எதுவும் இல்லை. சேவியர் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு சில மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து ஊர் ஊராக ஓதினார். அடுத்த முயற்சி கடல் கடந்து நடந்தது. 1554-இல் லிஸ்பனில், தமிழும் போர்ச்சுகீசியமும் அடங்கிய ஒரு சிறு மறைநூல் அச்சாயிற்று. அதைச் செய்தோர் வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா த குருஸ் என்னும் பெயர் பெற்ற மூன்று தமிழர். அந்நூலில் தமிழ்ச் சொற்கள் உள்ளன, தமிழ் எழுத்து இல்லை; அனைத்தும் உரோமன் எழுத்தில் அமைந்தன. லிஸ்பன் அச்சுக்கூடத்தின் எழுத்துப் பெட்டியில் இருந்தது அதுவே, எனவே தமிழ் அந்த உடையிலேயே வெளிவந்தது. கணினித் திரையில் தமிழ் எழுத்துரு இல்லாத 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் தமிழர் தம் மடல்களை உரோமன் எழுத்தில் தட்டெழுதிய நிலை இதன் நேர்ப் படியாகும்.

புதிய எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் பரதவர் அல்லர், தமிழெழுத்தைக் கற்கவேண்டிய பாதிரியாரே என்பதை நன்றாக உணர்ந்தவர் என்ரீக்கே என்ரீக்கஸ். தமிழில் அவர் அண்டிரிக்கிப் பாதிரியார் எனப்பட்டார். போர்ச்சுகலின் விலா விசோசாவில் 1520-இல் பிறந்து, 1546-இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் இக்கடற்கரையிலேயே வாழ்ந்து, 1600-இல் மறைந்த இவர், புன்னைக்காயலைத் தம் இருப்பிடமாகக் கொண்டு தமிழ் கற்றார். பின்னால் வருவோருக்காகப் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். நோயாளிகளுக்கு மருத்துவமனை ஒன்றையும் அமைத்தார். தமிழ் நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்ற முடிவு, எழுதும் கருவியை வைத்திருப்பவரின் வசதிக்கு மேலாகப் படிப்பவரின் வசதியை வைத்த முடிவு. இந்தியாவில் அச்சு வந்து இருபதாண்டுகள் கடந்திருந்தன. 1556-இல் கோவாவுக்கு வந்த அச்சுப்பொறி அதுவரை உரோமன் எழுத்தையே அச்சடித்துக்கொண்டிருந்தது. இந்திய எழுத்து ஒன்றை உலோகத்தில் வார்ப்பதற்கான முன்மாதிரி எதுவும் எங்கும் இல்லை.

அக்காலத்து வார்ப்பு முறையை இங்கே சிறிது விளக்குவது தகும். முதலில் எஃகுக் கோலின் நுனியில் ஓர் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். அதைச் செம்புத் துண்டின்மேல் வைத்து அடித்தால் செம்பில் எழுத்தின் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக்கலவையை ஊற்றி எடுக்கப்படுவதே ஈய எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கோல் தேவை. உரோமன் எழுத்துக்கு இது கடினமன்று. தமிழிலோ உயிர்மெய் பெருகிய நிலையில், எதைத் தனி வார்ப்பாகச் செய்வது, எதைக் கொம்பு, கால் என உறுப்புகளாகப் பிரித்து அடுத்தடுத்து வைப்பது என்று முடிவு செய்யவேண்டியிருந்தது. கெ, கா போன்றவற்றை உறுப்புகளாகப் பிரிக்கலாம். கு, டு, மு போன்றவற்றில் எழுத்தும் குறியும் ஒட்டியே நிற்பதால் பிரிக்க இயலாது. இன்றைய எழுத்துரு வடிவமைப்பாளர் கணினியில் எடுக்கும் முதல் முடிவும் ஏறத்தாழ இதுவே.

கோவாவில் 1577-இல் சகோதரர் ஜோவான் கோன்சால்வஸ் ஒரு தொகுதித் தமிழ் எழுத்துகளை வார்த்தார். அடுத்த ஆண்டில் கொல்லத்தில் தந்தை ஜோவான் தெ ஃபரியா மற்றொரு தொகுதியை வார்த்தார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள், பக்கத்துக்கு இருபத்துநான்கு வரிகள். என்ரீக்கஸும் மனுவேல் த சான் பேத்ரு என்னும் தந்தையும் தமிழாக்கியோராக அதில் குறிக்கப்பட்டுள்ளனர். சீனத்திலிருந்து வந்த தாளில் அது அச்சாயிற்று என்று நூலறிஞர் கூறுவர். இந்திய எழுத்து ஒன்றில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. அதன் படி ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அந்நூலின் கடைசிப் பக்கம் தனிக் கவனத்துக்குரியது. கோவாவில் 1577-இல் செய்த எழுத்து, கொல்லத்தில் 1578-இல் செய்த எழுத்து என்று ஆண்டோடு குறித்து, இரண்டு வார்ப்புகளின் மாதிரிகளும் அதில் தரப்பட்டன. நூலின் பெரும்பகுதிக்குக் கொல்லத்து வார்ப்பே பயன்பட்டது என்பது ஆய்வாளர் முடிவு. தமிழ் அச்சின் முதல் நூலிலேயே இரண்டு எழுத்துருக்கள் இருந்தன, ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது, தேர்ந்தெடுக்கப்படாததும் வாசகர் கண்முன் வைக்கப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் எழுத்துருவைத் தேர்ந்தவர் எவரும் தாம் ஒதுக்கியதை இவ்வளவு நேர்மையாகக் காட்டியதில்லை.

இந்த முயற்சிக்குப் பொருள் தந்தோர் பரதவரே. குருசாடோ எனப்பட்ட போர்ச்சுகீசியக் காசில் நானூறு அவர்கள் அச்சுக்கென வழங்கியதாகச் சேசு சபையின் பழைய குறிப்புகளை ஆராய்ந்தோர் எழுதுகின்றனர். மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கிய உழைப்பின் ஒரு பங்கு தமிழின் முதல் ஈய எழுத்தாக மாறியது. ஆயினும் எழுத்து எப்படி இருக்கவேண்டும் என்று அவர்கள் கேட்கப்பட்டதற்கான சான்று எதுவும் இல்லை. செலவு கடற்கரையினுடையது, செதுக்கிய கை கோவாவினுடையதும் கொல்லத்தினுடையதும். தமிழ் எழுத்துருவின் வரலாற்றில் இந்தப் பிளவு அன்று தொடங்கியது.

செதுக்கியோர் கண்முன் இருந்த மாதிரி ஓலைச்சுவடி. ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதும்போது மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைப்பதில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதற்குக் காரணம் சொல்வது வழக்கம். எ, ஏ ஆகியவற்றுக்கும் ஒ, ஓ ஆகியவற்றுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. சூழலைக் கொண்டு படித்துக்கொள்வது சுவடி படிப்போரின் திறமை. தம்பிரான் வணக்கத்தின் எழுத்துகளும் இதையே பின்பற்றின. நூலின் பெயரே புள்ளியின்றி நிற்கிறது. ஈயத்தில் புள்ளி வைப்பதால் எதுவும் கிழியாது. ஆனால் புதிய கருவி பழைய கருவியின் குறையையும் சேர்த்தே படியெடுத்தது. பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாதிருக்கவேண்டும் என்பதே அன்றைய தேவையாக இருந்திருக்கலாம். அந்தத் தேவையை எளிதில் குறைகூறிவிட முடியாது. முதல் வாசகர் தம் சுவடியின் எழுத்தையே தாளில் கண்டனர்.

1579-இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. 1586-இல் அச்சான ஃப்ளோஸ் சாங்டோரும், அதாவது அடியார் வரலாறு, 669 பக்கங்கள் கொண்ட பெருநூல். அது புன்னைக்காயலில் அச்சானது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கொள்ளும் கருத்து. அக்கருத்தின்படி, இன்று மீன்பிடி ஊராக மட்டும் அறியப்படும் அந்தக் கழிமுகத்தில், தமிழ்நாட்டின் முதல் அச்சுக்கூடம் இயங்கியிருக்கிறது. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த படியைக் கொண்டு தந்தை ச. இராசமாணிக்கம் 1967-இல் அதைத் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் வெளியிட்டார். புன்னைக்காயலின் எழுத்துகள் பின்னர் என்னவாயின என்பதற்குத் தொடர்ச்சி இல்லை. 1679-இல் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி அச்சானபோது எழுத்துகளைப் புதிதாகவே செய்யவேண்டியிருந்தது. முத்துக்குளித்துறையில் தொடங்கிய அச்சு மரபு அறுந்தது; அதன் வார்ப்புகளில் ஒன்றும் அடுத்த நூற்றாண்டுக்குக் கைமாறவில்லை.

அடுத்த தொடக்கம் தரங்கம்பாடியில் அமைந்தது. 1706-இல் அங்கு வந்த சமயப் பரப்புநர் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் கிடைத்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அச்சிட்டால் புதிய ஏற்பாட்டுக்குத் தேவைப்படும் தாளை வாங்கி மாளாது என்று கண்டு, உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்க்கப்பட்டது. தமிழைப் பேசும் ஊரிலிருந்து பல ஆயிரம் கல் தொலைவில் வரையப்பட்ட எழுத்து, அழகால் அன்றி அளவால் தோற்றது. இதே காலத்தில் வீரமாமுனிவர் குறில் எகர ஒகரங்களையும் நெடில் ஏகார ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இரட்டைச் சுழி பெற்ற கொம்பு அவருடைய கொடை. அவருடைய முறை எழுதுவோரிடையே பரவியதைவிட, 19-ஆம் நூற்றாண்டின் சென்னை அச்சகங்கள் அதை வார்ப்பில் ஏற்றபின்னரே பொதுவழக்காயிற்று. பி. ஆர். ஹண்ட் பொறுப்பில் அமெரிக்க மிஷன் அச்சகம் 1862-இல் வெளியிட்ட வின்சுலோ அகராதியைப் புரட்டுவோர், புள்ளியும் காலும் ரகரமும் தெளிவாகப் பிரிந்து, சிறிய அளவிலும் கண்ணை உறுத்தாமல் நிற்கும் எழுத்தைக் காணலாம். இன்று தமிழெழுத்து என்றவுடன் மனத்தில் தோன்றும் வடிவம் பெருமளவில் அந்தப் பட்டறைகளில் முடிவானது.

  

இருபதாம் நூற்றாண்டில் எழுத்தை மாற்றும் அதிகாரம் சமயப் பரப்புநரிடமிருந்து இயக்கத்துக்கும் அரசுக்கும் சென்றது. 1935-இல் பெரியார் தம் குடி அரசு இதழில் சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றி அச்சிட்டார். ணகர, றகர, னகரங்களோடு ஆகாரம், ஒகரம், ஓகாரம் ஆகியவை சேரும்போது எழுத்து சுழித்து ஒட்டிக்கொள்வதும், ண, ல, ள, ன ஆகியவற்றோடு ஐகாரம் சேரும்போது யானைத் துதிக்கை போன்ற தனி வடிவம் முன்னே வருவதும் கைவிடப்பட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே காலும் ஐகாரக் குறியும் இட்டு எழுதப்பட்டன. அச்சுக்கோப்போருக்கு வார்ப்புகளின் எண்ணிக்கை குறைந்தது. கற்போருக்கு விதிவிலக்குகள் குறைந்தன. 1978 அக்டோபர் 19 அன்று எம்.ஜி.ஆர் தலைமையிலான தமிழக அரசு இம்மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது. மாறிய எழுத்துகள் பதின்மூன்று. ஐ, ஔ ஆகியவற்றுக்கு அய், அவ் எனப் பெரியார் முன்வைத்ததை ஆணை ஏற்கவில்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் இதே வழியில் வந்தன.

இந்த ஆணையின் உண்மையான வலிமை கணினி வந்தபோதுதான் வெளிப்பட்டது. ஒருங்குறி, அதாவது உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரம், 1991-இல் வெளிவந்தபோது தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியது. அதில் ணகரத்துக்கு ஓர் எண், ஐகாரக் குறிக்கு ஓர் எண். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எந்த வடிவில் காட்டுவது என்று ஒருங்குறி சொல்வதில்லை. துதிக்கை வடிவிலா, 1978-க்குப் பிந்தைய வடிவிலா என்பதை முடிவு செய்வது எழுத்துரு மட்டுமே. ஆகவே ஓர் இயங்குதளத்தின் முன்னிருப்பு எழுத்துருவைச் செய்பவர் பழைய வடிவை வரைந்திருந்தால், ஒரே நாளில் கோடிக்கணக்கான திரைகளில் அரசாணை செல்லாததாகியிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. விண்டோஸ் 2000 என்னும் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் சேர்த்த லதா எழுத்துரு சீர்திருத்த வடிவையே கொண்டிருந்தது. சீர்திருத்த வடிவைப் பரப்பப் பாடநூல் செய்த வேலையை அதன்பின் லதா தொடர்ந்தது.

லதாவுக்கு முந்தைய பத்தாண்டுகளில் முன்னிருப்பு என்பதே தமிழுக்கு இல்லை. ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் குறியீட்டு முறையை வகுத்து எழுத்துரு செய்தனர்; பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரையை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கிய மயிலை, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், அதிராம்பட்டினத்து உமர்தம்பி பின்னாளில் படைத்த தேனீ எனத் தனிமனிதரின் உழைப்பே தமிழ்க் கணினியைத் தாங்கியது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் கூடிய தமிழ்நெட் மாநாடுகள் ஒரு பொதுத் தரத்தைத் தேடின. தமிழக அரசு 1999-இல் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரங்களை அறிவித்தது. 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. உமர்தம்பி 2006-இல் மறைந்தார்; தம் எழுத்துருவுக்கு அவர் விலை கேட்கவில்லை. நானூறு குருசாடோவை அளித்த பரதவருக்கும் ஊதியமின்றி எழுத்து வரைந்த இவர்களுக்கும் இடையே நான்கு நூற்றாண்டு இடைவெளி உண்டெனினும், இரு சாராரும் செய்தது ஒரே வகைக் கொடை.

லினக்ஸ் உலகில் தேர்வு இன்னும் வெளிப்படையாக நடந்தது. அங்கே ஃபான்ட்கான்ஃபிக் என்னும் சிறு மென்பொருள், ஒவ்வொரு மொழிக்கும் எழுத்துருக்களை வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். பட்டியலில் முதலில் உள்ளதும் கணினியில் இருப்பதுமான எழுத்துருவே திரையில் தோன்றும். பட்டியலின் வரிசையை மாற்றுவது ஒரு வரியைத் திருத்தும் வேலைதான்; ஆனால் அந்த ஒரு வரி, ஒரு மொழியினர் அனைவரும் காணும் எழுத்தை மாற்றிவிடும். தன்னார்வலர் செய்த பரணர், கல்யாணி, மதுரம் போன்ற எழுத்துருக்கள் முதலில் இடம்பெற்றன. ரெட் ஹேட் நிறுவனம் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே பாணியில் வெளியிட்ட லோகித் வரிசையின் தமிழ் எழுத்துருவும், பின்னர் கூகுளின் நோட்டோ தமிழும் முன்னுக்கு வந்தன. மேகிண்டோஷ் கணினிகளில் முத்து நெடுமாறனின் இணைமதியும், அதன்பின் தமிழ் சங்கம் எம்.என். எழுத்துருவும் அமர்ந்தன, எம்.என். என்பது அவர் பெயரின் முதலெழுத்துகளே. விண்டோஸ் 8 முதல் லதாவின் இடத்தை நிர்மலா யு.ஐ. பெற்றது.

இத்தேர்வில் அழகு மட்டும் கருதப்படுவதில்லை. தமிழில் இகர ஈகாரக் கொக்கிகள் மேலே எழும்பும். உகர ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். உரோமன் எழுத்துக்கு அளந்த வரியில் இவற்றை அடைத்தால் தலையோ காலோ வெட்டுப்படும், வெட்டாதிருக்கச் சுருக்கினால் எழுத்து பொடிப்பொடியாகும். மேலும், ஓர் எழுத்துருவுக்குள் தமிழோடு உரோமன் எழுத்தும் சேர்ந்திருந்தால், தமிழுக்காக அதை முன்னே வைத்தவுடன் ஆங்கிலமும் அதன் வடிவுக்கு மாறிவிடும்.

சீன மொழியினர் இதே சிக்கலைப் பன்மடங்கு பெரிதாகச் சந்தித்தனர். சீனம், தைவான், ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் வழங்கும் சீன எழுத்துகளுள் பொதுவானவற்றுக்கு ஒருங்குறி ஒரே எண்ணைத் தந்தது. ஆனால் வரையும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். எலும்பைக் குறிக்கும் எழுத்தின் மேற்பகுதியிலுள்ள சிறு மூலை சீனத்தில் இடப்புறமும், தைவானிலும் ஜப்பானிலும் வலப்புறமும் அமையும். முன்னிருப்பாக ஜப்பானிய எழுத்துரு அமைந்த கணினியில் சீனர் தம் மொழியைப் படித்தால், ஒவ்வொரு பக்கத்திலும் சில எழுத்துகள் அயலார் எழுதியவையாகத் தோன்றும். துதிக்கை ஐகாரத்தின் கதை இங்கே ஆயிரக்கணக்கான எழுத்துகளில் திரும்ப நிகழ்கிறது. அளவும் அவ்வாறே: தமிழ் எழுத்துருவைச் சில நூறு வடிவங்களில் ஒருவர் தனியாக முடிக்கலாம், சீனத்துக்குப் பல்லாயிரம் வரையவேண்டும். அதனால்தான் தைவானின் ஆர்ஃபிக் நிறுவனம் 1999-இல் நான்கு சீன எழுத்துருக்களைப் பொதுவுக்கு விட்டபோது அவையே லினக்ஸின் சீன முகமாக நெடுநாள் நின்றன; 2014-இல் அடோபியும் கூகுளும் இணைந்து வெளியிட்ட எழுத்துரு, ஓர் எழுத்துருக் கோப்பு கொள்ளக்கூடிய உச்ச அளவான 65,535 வடிவங்களையும் நிரப்பிய பின்னரே நான்கு நாட்டு வழக்கங்களும் ஒருசேர நிறைவுபெற்றன. விண்டோஸில் பழைய சூங் பாணி எழுத்து, மெல்லிய கிடைக்கோடுகளால் தெளிவில்லாத திரைகளில் மங்கித் தெரிந்தமையால், விஸ்டா பதிப்பில் அதற்கு மாற்றாகத் தடித்த சீரான கோடுகள் கொண்ட யாஹெய் வந்தது. ஓலை, ஈயம், திரை என எழுதுபரப்பு எதுவாயினும் அது எழுத்தைத் தன்பக்கம் வளைக்கிறது என்பதைத் தமிழும் சீனமும் ஒன்றுபோலவே காட்டுகின்றன.

தமிழுக்கு அளவு சிறியதாக இருந்தமையால் முழுமை எளிதில் கிட்டியதென்று கருதிவிட முடியாது. ஶகரமும் தமிழ்ச் சுழியமும் ஒருங்குறியில் 2005-இல்தான் இடம்பெற்றன. அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் அவை இல்லை. பழங்காலக் கடைக் கணக்கிலும் நிலக் கணக்கிலும் நாள்தோறும் எழுதப்பட்ட முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகளும், அளவைக் குறிகளும், சுவடிச் சுருக்கக் குறிகளுமாக 51 குறிகள் 2019-இல்தான் தமிழ் இணைப்பு என்னும் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அத்துணை நுண்ணிய பங்கையும் ஒரே குறியில் எழுதக் கணக்கர் அறிந்திருந்தனர். நோட்டோ வரிசையில் இக்குறிகளுக்கென முதன்மை எழுத்துருவிலிருந்து பிரிந்த தனி எழுத்துரு உள்ளது. அது நிறுவப்படாத கணினியில், புன்னைக்காயல் பகுதியின் பழைய கணக்கேடு ஒன்றைத் தட்டெழுதித் திறப்பவருக்கு, பின்னம் நிற்கவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் வெறுங்கட்டம் ஒன்றே தெரியும்.